ஆவாரை நிற்கட்டும்; கத்தரி காய்க்கட்டும்

தை மாதத்தில் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் சென்றால், கொல்லை ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைப் பார்க்கலாம். யாரும் விதைத்தது இல்லை. யாரும் தண்ணீர் விட்டதும் இல்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு இதையும் சேர்த்துக் காப்புக் கட்டும் ஊர்கள் தமிழகத்தில் பல உண்டு. அன்றைக்கு மட்டும் தேடிப்போய் ஒடித்து வருவோம். மற்ற நாட்களில் அது நம் கண்ணில் படுவதே இல்லை.

சமீப ஆண்டுகளில் அதே சாலை ஓரங்களில் இன்னொரு காட்சியும் தெரிகிறது. களைக்கொல்லி அடித்துப் பழுப்பேறிய வரப்புகள், இயந்திரம் வைத்து வேரோடு பெயர்த்த வேலி ஓரங்கள். “கொல்லை சுத்தமாக இருக்கிறது” என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்தச் சுத்தத்துக்கு நம் பயிர் என்ன விலை கொடுக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நான் சொன்ன யோசனை

உழவியல் படித்தவன் என்பதால், பயிர் இல்லாத செடியைக் களை என்று பார்க்கவே எனக்குப் பயிற்சி. சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையே ஒரு கிராமத்தில், கிணற்றுப் பாசனத்தில் கத்தரி போட்டிருந்த ஒரு விவசாயி என்னை அழைத்தார். “பூ நல்லாத்தான் வெக்கிது சார். கொட்டிப் போயிடுது. நிக்கிறதும் குச்சி குச்சியா, கோணலா இருக்குது” என்றார். ஏற்கெனவே வளர்ச்சி ஊக்கி இரண்டு முறை தெளித்திருந்தார். மண் பரிசோதனை அட்டையைப் பார்த்தேன். நுண்ணூட்டம் கொடுத்திருந்தார். தண்ணீரிலும் குறை தெரியவில்லை.

வரப்பில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார்தான் பேச்சை எடுத்தார். “முன்ன இந்த வேலி ஓரம் பூரா ஆவாரஞ்செடிதான் தம்பி. கருவண்டு ரீங்குனு சுத்திக்கினே இருக்கும். இப்ப ஒண்ணையும் காணோம். நீங்கதானே தம்பி அதெல்லாம் வெட்டிட்டுச் சுத்தமா வெச்சுக்கச் சொன்னீங்க?”

சொன்னது உண்மைதான். அதற்கு முந்தைய ஆண்டு, பூச்சிகள் தங்குமிடம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி, வேலி ஓரத்தைச் சுத்தம் செய்யச் சொன்னவன் நான்தான். அன்று அந்த அம்மாவுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு அந்தச் செடியையும் அந்த வண்டையும் கொஞ்சம் உட்கார்ந்து கவனித்தேன். அப்போது தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

தேன் இல்லாத பூ

ஆவாரையின் தாவரப் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. அவரை, துவரை அடங்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய செடி அல்ல. ஆள் உயரத்துக்கும், நல்ல மண் கிடைத்தால் அதற்கு மேலும் வளரும். வறட்சியைத் தாங்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். சரளை மண்ணிலும் செம்மண் மேட்டிலும் நிற்கும்.

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும். எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மேல்பக்கம் இருப்பவை சிறியவை, மலடு. கீழ்ப்பக்கம் இருப்பவை நீண்டு வளைந்தவை. இந்தப் பூவில் தேன் சுரப்பதில்லை. தேடி வரும் பூச்சிக்கு இது கொடுப்பது மகரந்தம் மட்டுமே. அதையும் சுலபமாகக் கொடுத்துவிடாது.

பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை நீளவாக்கில் பிளந்து தூளை வெளியே காட்டும். ஆவாரையில் அப்படியில்லை. பையின் நுனியில் மட்டும் சிறு துளை இருக்கும். முகத்துக்குப் பூசும் பவுடர் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியில் துளை இருக்கிறது. சும்மா வைத்தால் தூள் வராது, குலுக்கினால்தான் வரும்.

அந்தக் குலுக்கும் வேலையைச் செய்வதுதான் நம் ஊர்க் கருவண்டு. பெயர் வண்டு என்றாலும் அது தேனீ இனம். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுவதால் தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். பூவைக் கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலேயே பறக்கும் தசைகளை மட்டும் வேகமாக அதிர வைக்கும். அப்போது அதன் ரீங்காரம் சட்டென்று மாறி, கீச்சென்று உயரும். அந்த அதிர்வில் மகரந்தம் பீய்ச்சி அடித்து அதன் வயிற்றிலும் முதுகிலும் அப்பிக்கொள்ளும். இதை அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்கிறோம். நீலப்பட்டைத் தேனீ என்ற சிறு தேனீயும் இதைச் செய்யும். வயிற்றில் நீல வளையம் வளையமாக மின்னுவதை வைத்து அதை அடையாளம் காணலாம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கும் மலைத்தேனீக்கும் இந்த வித்தை தெரியாது.

கத்தரிப்பூவும் இதே பூட்டுதான்

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். கத்தரிப் பூவின் நடுவில் கூம்பு போல நிற்கும் மஞ்சள் மகரந்தப் பைகளின் நுனியைக் கூர்ந்து பாருங்கள். அங்கேயும் துளைதான். தக்காளியும் கத்தரியின் குடும்பம்தான். அதிலும் அதிர வைத்தால்தான் மகரந்தம் நன்றாக உதிரும்.

கத்தரிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் தன்மை உடையதுதான். காற்றில் செடி ஆடும்போது கொஞ்சம் மகரந்தம் உதிரும். அதனால் வண்டே இல்லாவிட்டாலும் காய் அடியோடு நின்றுவிடாது. ஆனால், அதிர வைக்கும் தேனீ வந்து போன பூவில் சூல்முடிக்கு நிறைய மகரந்தம் கிடைக்கிறது. விதைகள் சீராகப் பிடிக்கின்றன. காய் பருத்து, ஒழுங்கான வடிவத்துக்கு வருகிறது. போதிய மகரந்தம் கிடைக்காத பூ உதிரும், அல்லது சிறுத்த, கோணலான காயாகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கத்தரியில் சூல்தண்டு நீண்ட பூ, நடுத்தரப் பூ, குட்டைப் பூ என வகைகள் உண்டு. நீண்டதும் நடுத்தரமும்தான் பெரும்பாலும் காயாகும். குட்டைப் பூ உதிர்வது இயல்பு. வெயில் அதிகமானாலும், ஊட்டம் குறைந்தாலும், சாறு உறிஞ்சும் பூச்சி தாக்கினாலும் பூ உதிரும். எனவே, “பூ கொட்டுகிறது, வண்டு இல்லாததுதான் காரணம்” என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால், இத்தனை காரணங்களையும் தேடும் நாம் வண்டு வருகிறதா என்று மட்டும் பார்ப்பதே இல்லை. உரக்கடையில் கிடைக்கும் குப்பிகளில் அதற்குத் தீர்வு இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பயிர் சில மாதம், தேனீ ஆண்டு முழுதும்

“கத்தரியிலேயே பூ இருக்கிறதே, வண்டுக்கு ஆவாரை எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். மையமான கேள்வி இதுதான்.

கத்தரி பூப்பது சில மாதங்கள். அதன் பிறகு அந்தக் கொல்லையில் மல்லாட்டையோ உளுந்தோ கரும்போ வரும். கருவண்டு அப்படி நடவுக்கு வந்து அறுவடைக்குப் போகிற விருந்தாளி அல்ல. ஆண்டு முழுவதும் அந்தச் சுற்று வட்டாரத்திலேயே வாழ்கிறது. பட்ட மரம், காய்ந்த மூங்கில், கொட்டகையின் பழைய மர விட்டம் ஆகியவற்றைக் குடைந்து, ஒவ்வொரு அறையிலும் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன் மேல் ஒரே ஒரு முட்டை இடுகிறது. தேன்கூட்டில் ஆயிரக்கணக்கில் பெருகுவது போல இது பெருகாது. ஒரு தாய்க்கு ஒரு பருவத்தில் ஒரு சில குஞ்சுகள்தான். ஒரு பருவம் மகரந்தம் கிடைக்காமல் போனால், அடுத்த பருவத்தில் உங்கள் கத்தரிக்கு வருவதற்கு வண்டு இருக்காது.

கத்தரிப் பூவிலும் தேன் இல்லை என்பதைக் கவனியுங்கள். மகரந்தம் ஆவாரையில் கிடைக்கிறது. தேனுக்கு எங்கே போகும்? அதே வேலி ஓரத்தில் நிற்கும் எருக்குக்குத்தான். எருக்கு ஆண்டு முழுவதும் பூக்கும். அதன் தேனைக் குடிக்க வரும் முக்கிய விருந்தாளி கருவண்டு. எருக்கின் மகரந்தச் சேர்க்கையும் அதனால்தான் நடக்கிறது. சங்க இலக்கியத்தில் மடலேறும் தலைவன் சூடும் பூக்களில் ஆவிரையும் உண்டு, எருக்கும் உண்டு. வறண்ட நிலத்தில் இந்த இரண்டும் எப்போதும் கைக்கு எட்டும் பூக்கள். கருவண்டுக்கு இன்றும் அப்படித்தான். ஒன்று சோறு, இன்னொன்று குழம்பு.

திண்டிவனத்தின் பெயர் டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு மல்லாட்டை, எள் ரகங்களில் நாடெங்கும் போயிருக்கிறது. அந்த எள்ளின் பூவுக்கும், துவரையின் பூவுக்கும் தேனீக்கள் வருகின்றன. தேன் தேனீக்களோடு கருவண்டும், இலையை வட்டமாக வெட்டிக் கூடு கட்டும் இலைவெட்டித் தேனீயும் இவற்றில் வேலை செய்கின்றன. ஆக, வேலி ஓரம் காப்பாற்றுவது கத்தரியை மட்டுமல்ல.

இலையிலும் ஒரு பந்தி

ஆவாரையின் பூவில் தேன் இல்லை என்றேன். ஆனால், இலைக் காம்பில் இருக்கிறது. எதிரெதிரே இருக்கும் சிற்றிலைகளுக்கு நடுவே ஊசி முனை போல ஒரு சிறு சுரப்பி நிற்கும். அதில் கசியும் இனிப்பு நீருக்கு எறும்புகள் வருகின்றன. சிறு குளவிகளுக்கும் இப்படிப்பட்ட சுரப்பிகள் உணவு. புழுக்களைத் தூக்கிச் செல்வதும், முட்டைகளில் ஒட்டுண்ணியாக வளர்வதும் இந்தக் கூட்டம்தான்.

இலையைத் தின்னும் விருந்தாளிகளும் உண்டு. வெளிர் மஞ்சளும் பச்சை கலந்த வெள்ளையுமாக வேகமாகப் பறக்கும் நடுத்தர வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பச்சைப் புழுக்கள் ஆவாரை, தகரை, கொன்றை போன்ற ஒரே உறவுக்காரச் செடிகளைத்தான் தின்னும். எருக்கின் இலையில் வளர்வது வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் வரிப்புழு. இந்தப் புழுக்கள் உங்கள் கத்தரியையோ மல்லாட்டையையோ தொடாது. இவற்றுக்காகக் கரிச்சானும் தையல்சிட்டும் வேலிக்கு வரும். வந்த பறவை வேலியில் இருக்கும் புழுவோடு நிறுத்திக்கொள்வதில்லை, கொல்லையிலும் இறங்கும். பயிருக்குள் பறவைத் தாங்கிக் குச்சி நடச் சொல்கிறோமே, ஆவாரைப் புதர் தானாக நிற்கும் பறவைத் தாங்கி.

அமெரிக்க வயலில் ஓர் உதாரணம்

இது நம் ஊர்ப் பாட்டிமார்கள் சொல்லும் சங்கதி மட்டும் அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு காலத்தில் ஆள் உயரப் பூச்செடிகளும் புல்லும் நிறைந்த வெளிகள் இருந்தன. அவை அநேகமாக முழுவதும் உழப்பட்டு மக்காச்சோளமும் சோயாவும் ஆகிவிட்டன. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007 முதல், அந்த வயல்களுக்குள் மீண்டும் அதே நாட்டுப் பூச்செடிகளையும் புல்லையும் பட்டை பட்டையாக வளர்த்துப் பார்த்தனர். 2017-ல் வெளியான அவர்களின் முடிவுகளின்படி, நிலத்தில் 10 சதவீதத்தை இப்படி ஒதுக்கியபோது மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளின் எண்ணிக்கை 3.5 மடங்கானது, மண் அரிப்பும் பெருமளவு குறைந்தது.

நம்மிடம் இருப்பதோ ஏக்கர் கணக்கு அல்ல, சென்ட் கணக்கு. 10 சதவீதம் ஒதுக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் விதை வாங்கி, நிலம் ஒதுக்கி, மறுபடி உருவாக்குவது நம் வேலி ஓரத்தில் ஏற்கெனவே நிற்கிறது. அதை அழிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எங்கே விடலாம், எங்கே கூடாது?

எல்லா வரப்பிலும் செடியை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் அதுவும் பொத்தாம் பொதுவான யோசனை ஆகிவிடும். ஒருமுறை செய்த தவறை மறுபடி செய்ய விரும்பவில்லை.

நெல் வயலின் உள் வரப்புகளில் புதர் வேண்டாம். எலி வளை போடும். அங்கே வரப்பைச் சிறியதாக, சுத்தமாக வைப்பதே சரி. வாய்க்கால் கரையிலும் தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கும் செடியை விட வேண்டாம்.

மானாவாரி மல்லாட்டைக் கொல்லையில் சிவப்புக் கம்பளிப்புழுவை மறந்துவிட முடியாது. முதல் கோடை மழைக்குப் பிறகு அந்துப்பூச்சியாக வெளிவரும் வரை, அதன் கூட்டுப்புழு வரப்பு ஓரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். எனவே, கோடை உழவின்போது புதரைச் சுற்றி மண்ணை மண்வெட்டியால் கொத்தி, கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுங்கள். அதற்காகப் புதரையே வெட்ட வேண்டியதில்லை.

வெளி வேலி, கிணற்று மேடு, களத்து ஓரம், ஏரிக்கரையை ஒட்டிய மேட்டு நிலம் ஆகியவைதான் ஆவாரைக்கும் எருக்குக்கும் ஏற்ற இடங்கள்.

எப்படி வளர்ப்பது?

அடிக்கட்டை மிச்சம் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். களைக்கொல்லி படாமல் பார்த்துக்கொண்டால் மழைக்குத் துளிர்த்துவிடும்.

வேரோடு போய்விட்டது என்றால், முற்றிக் காய்ந்த காய்களைப் பறித்து விதை எடுங்கள். விதையின் தோல் கடினமானது. சொரசொரப்பான மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன் வேலி ஓரத்தில் நேரடியாக ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் பிடுங்கி நடுவதைவிட இதுவே நல்லது. செடிக்குச் செடி சுமார் 1 மீட்டர், பயிர் வரிசையிலிருந்து 2 மீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

அடர்ந்து வந்தால் கவாத்து செய்யலாம். ஆனால், ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். இந்த ஆண்டு ஒரு பாதி, அடுத்த ஆண்டு மறு பாதி. ஆவணி, புரட்டாசியில் வெட்டிய தழையைச் சம்பா நடவு வயலில் போட்டு மிதித்துவிடலாம். ஆவாரையும் எருக்கும் நம் முன்னோர் பயன்படுத்திய பசுந்தழை உரங்கள்தான்.

கத்தரியில் காய்ப்புழுவுக்காக மருந்து அடிப்பவர்கள் காலையில் அடிக்காதீர்கள். பூ விரிந்து தேனீ வேலை செய்யும் நேரம் அது. தவிர்க்க முடியாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள். வாடிய குருத்தைக் கிள்ளி அழிப்பதையும் இனக்கவர்ச்சிப் பொறியையும் முதலில் முயன்றால், அடிக்கும் தடவைகள் குறையும். பட்டுப்போன மரத்துண்டு, முதிர்ந்த மூங்கில் இரண்டை வேலி ஓரம் மழை படாத இடத்தில் கிடத்துங்கள். நீலப்பட்டைத் தேனீக்கு மண் சுவரும் மேட்டு மண்ணும் போதும்.

ஆவாரம்பூவைப் பொடிக்கும் தேநீருக்கும் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு செடியில் பாதிப் பூவைப் பறித்து மீதியை விட்டுவிடுங்கள். சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழில், தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வருவதற்கு முன் ஆவாரம்பட்டையைத்தான் நம்பியிருந்தது. இன்று பட்டைக்கு அந்தத் தேவை இல்லை. பூவுக்குத் தேவை கூடிவருகிறது. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?” என்ற பழமொழியை மருந்துக்காகச் சொல்கிறோம். மருத்துவம் பேச நான் மருத்துவன் அல்ல. பயிர் விஷயத்தில் அந்தப் பழமொழியை நான் நம்புகிறேன்.

15 நிமிட சோதனை

நாளைக் காலை 7 மணிக்கு மேல் உங்கள் கத்தரித் தோட்டத்தில் ஓர் இடத்தில் 15 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். எத்தனை முறை கருவண்டோ நீலப்பட்டைத் தேனீயோ பூவில் உட்காருகிறது என எண்ணுங்கள். உட்கார்ந்ததும் ரீங்காரம் மாறுகிறதா என்று காது கொடுங்கள். ஒரு வாரத்தில் மூன்று நாள் இப்படிச் செய்து குறித்து வையுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால், ஊக்கி வாங்கப் போகும் முன் வேலி ஓரத்தைப் பாருங்கள்.

மயிலம் பக்கத்து அந்த விவசாயி வேலி ஓரத்தில் சுமார் 200 அடியைத் தொடாமல் விட்டார். அடிக்கட்டைகள் துளிர்த்தன. மருந்து அடிப்பதையும் மாலைக்கு மாற்றினார். இரண்டாவது ஆண்டு கத்தரியில் கருவண்டு மீண்டும் வந்தது. கோணல் காய் குறைந்தது என்றார். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்ததால், பலன் எதனால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இது முறையான ஆய்வு அல்ல, ஒரு கொல்லையின் அனுபவம்.

போன தையில் அந்த வழியாகப் போனபோது அந்த அம்மா வேலி ஓரத்தில் காப்புக்குப் பூ ஒடித்துக்கொண்டிருந்தார். “இந்த வருசம் என்னா வெட்டச் சொல்லப் போறீங்க தம்பி?” என்று கேட்டுச் சிரித்தார். இந்த வருடம் எதையும் வெட்டச் சொல்லவில்லை. உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன்.